வினா மூன்று, பகுதி இ

புதன்கிழமை, ஆறாம் பாடம்.
கரும்பலகையில் இருசமபக்க முக்கோணி ஒன்று.
சோக்கு வழுக்கி ஒரு பக்கம் சற்று நீண்டுவிட்டது.
"அடிக்கோணங்கள் சமன். ஏன்?" என்கிறேன்.
"பார்த்தாலே தெரியுதுதானே ரீச்சர்"
என்கிறான் பாலையூற்று ஜெறோம்.
பார்த்தால் சமனில்லை. அதுதான் வேடிக்கை.
என் படம் பொய் சொல்கிறது,
அவன் பொய்யைப் பார்த்து உண்மையைச் சொல்கிறான்,
இரண்டுக்கும் புள்ளி கிடையாது.

தரவு. நிறுவ வேண்டியது. அமைப்பு. நிறுவல்.
ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கம் ஓர் அடைப்புக்குறி,
அதற்குள் காரணம்.
பத்து வருடமாக இதையே சொல்லி வருகிறேன்:
கண்ணை நம்பாதே, காரணத்தை எழுது.
யன்னலுக்கு வெளியே புள்ளிமான் ஒன்று
யாரோ வீசிய வரைபுத்தாளை
மூலையிலிருந்து மென்றுகொண்டு நிற்கிறது.
அச்சுகளை முடித்து
வளையிக்கு வந்துவிட்டது.

இரவு, உவர்மலை வாடகை வீடு.
தவணைப் பரீட்சைத் தாள்கள் முப்பத்தெட்டு,
சிவப்புப் பேனை, ஆறிப்போன பிளேன்ரீ.
வினா மூன்றில் ஒரு மீன்பிடிப் படகு,
கரையிலிருந்து அதன் தூரம், நேரத்துக்கு எதிரே.
நாலு மணிக்குப் புறப்பட்டு
ஆறுக்கு எட்டுக் கிலோமீற்றர்.
அங்கிருந்து ஏழரைவரை ஒரு கிடைக்கோடு.
பிறகு இறக்கம்.
'கிடைக்கோடு காட்டும் இயக்கத்தை விவரிக்குக.'
புள்ளித்திட்டத்தில்: படகு ஓய்வில் இருந்தது. ஒரு புள்ளி.

முப்பத்தேழு படகுகள் ஓய்வில் இருந்தன.
எஞ்சினை நிறுத்திவிட்டு, நீரோட்டம் இல்லாத கடலில்,
ஒன்றன்மேல் ஒன்றாக, என் மேசையில்.
சல்லியிலிருந்து வருகிற பவிலோஜினியின் படகு மட்டும்
போய்க்கொண்டிருந்தது.

'படகு நிற்கவில்லை. வலை விட்டபடி
கரையோடு ஒத்துப் போகிறது.
(சமாந்தரக் கோடுகளுக்கு இடைப்பட்ட தூரம் மாறாது)'

அடைப்புக்குறிக்குள்.
நான் கேட்டுக் கேட்டுப் பழக்கிய அதே இடத்தில்.

கணக்குப் பார்த்தேன்.
விடியற்புறம் எட்டுக் கிலோமீற்றர் எண்ணெய் எரித்துப் போய்
ஒன்றரை மணி நேரம் சும்மா நிற்க
எந்தச் சல்லிக்காரனுக்குக் கட்டும்?
வினாவை எழுதியது வேறு யாருமில்லை, நான்தான்.
கடலுக்கு நானூறு மீற்றர் தள்ளி இருந்து
கடலைப் பாராமல் எழுதியிருக்கிறேன்.

"ஓஎல்லிலயும் இப்படித்தான் வரும்,
பிள்ளையக் குழப்பாதீங்க மிஸ்" என்றார்
பகுதித் தலைவர் பாக்கியராசா சேர்.
அவர் சொன்னது பிழையில்லை.
டிசெம்பரில் அவள் தாள் எந்த ஊருக்குப் போகுமோ,
திருத்துகிறவர் வலை விடுவதைக் கண்டிருப்பாரோ.

வகுப்பில் அவளை எழுப்பினேன்.
"கரை நேர்கோடா, பவிலோஜினி?"
யோசித்தாள்.
"இல்லத்தான். சாம்பல்தீவுப் பக்கம் உள்ளுக்கு வளையும்."
"அப்ப சமாந்தரம் எப்படி?"
"கரை வளைஞ்சா அப்பாவும் வளைவார், ரீச்சர்."
வகுப்பு சிரித்தது.
"பார்த்தாலே தெரியுதுதானே" என்றான் ஜெறோம்,
முதல் தடவையாக இடம் பார்த்து.

பலகையை அழித்து ஒரு வாக்கியம் எழுதினேன்.
தரவு: படகு கரைக்குச் செங்குத்தான
நேர்கோட்டிலே மட்டும் செல்கிறது.
"இப்ப?"
நெடுநேரம் பார்த்தாள்.
"இப்ப நிக்கத்தான் வேணும்" என்றாள்,
கொஞ்சம் மனமில்லாமல்.
அந்த வாக்கியம் வினாவில் இருக்கவில்லை.
நிறுவலில் ஒரு வரி தவறினால் விடமாட்டேன்,
தரவில் மட்டும் இத்தனை சோம்பல் எனக்கு.

புள்ளியைப் போட்டேன். சேரிடம் நாளைக்குச் சொல்லலாம்.
கூட்டுத்தொகையை மாற்ற
அவள் தாளைத் திரும்ப வாங்கியபோதுதான் கண்டேன்:
கிடைக்கோட்டின்மேல் பென்சிலால்
மெல்லிய அம்புக்குறி ஒன்று,
பக்கத்தில் பொடி எழுத்தில் 'வடக்கு, நிலாவெளிப் பக்கம்'.
நேரம் கீழே, தூரம் இடப்புறம்.
அந்தத் தாளில் வடக்கு இல்லை.